பாஸ்கு வரை ஒரு நேர்த்தி

1993 பெப்ரவரி 12, வெள்ளி

காலையில் பனி, பத்து மணிக்கே சுடுவெயில். பள்ளிக்கூடத்தில் வெண்கட்டி முடிந்துவிட்டது. அடுப்புக்கரியால் சமாளிக்கட்டாம். கரும்பலகையில் கரியால் எழுதுவது எப்படி என்று அதிபரே வந்து காட்டட்டும்.

செய்ய வேண்டியவை:
சவர்க்காரம். திருநெல்வேலிச் சந்தையில் பாதிப்பாதியாக வெட்டி விற்கிறார்களாம்.
மாதா சபைக் கூட்டம், ஞாயிறு பூசைக்குப் பிறகு.
பழைய சீலை கிழித்து அவித்துக் காயவைக்க.
தங்கச்சி றீற்றாவின் இரண்டாவது ஊசி, செவ்வாய்.

தங்கச்சிக்கு எட்டாம் மாதம். கலியாணம் கட்டி ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் பிள்ளை. அம்மா போனபின் நான் வளர்த்தவள், இன்னும் என்னைக் கேட்காமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்கமாட்டாள். "நான் கட்டினது உங்கள் ரெண்டுபேரையும்தான்" என்பான் அவள் புருஷன் மரியதாஸ். பகிடிதான். முழுக்கப் பகிடி இல்லை.

ஏற்பு ஊசி, அதுதான் ரெற்றனஸ் ஊசி, பற்றி எங்கள் மீன்பிடிக் கரை முழுக்க ஒரே கதை. ஜனவரியில் முதல் ஊசி போட்டபோது ஒரு சத்தமும் இல்லை. மிட்வைஃப் பரமேஸ் மிஸ்ஸி அரியாலையிலிருந்து சைக்கிளில் குளிர்ப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தா. பிள்ளைத்தாச்சிகளுக்கும் குமர்ப்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டா. போகும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "இனி வரியத்துக்கு ஒண்டு பெத்து என்னை அலைக்கழிக்க மாட்டியள்" என்று சிரித்தா. களைத்துப்போன மனிசி, ஒரு பகிடி விட்டா. ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. இன்று கிணற்றடியில் காதில் விழுந்தவை:

"ஆம்பிளையளுக்கு ஏன் போடேல்லை?"

"கொழும்பிலையிருந்து வாற மருந்து. எங்கடை நன்மைக்கே அனுப்புறாங்கள்?"

"முதல் ஊசி சும்மாவாம். ரெண்டாவதுதான் கர்ப்பப்பையைப் பூட்டுறதாம்."

ஆர் சொன்னது என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் ஆரோ சொன்னது.

பெப். 14, ஞாயிறு

கோயில் நிறைய சனம். பாதிப் பிரசங்கத்தில் பங்குச் சுவாமி ஊசிக்கு வந்துவிட்டார்.

சொன்னது இவ்வளவும்: பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் எதையும் திருச்சபை ஏற்காது. இந்த ஊசியில் அப்படி ஏதோ கலந்திருப்பதாக வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வாசித்தாராம். உண்மையா பொய்யா தனக்குத் தெரியாது. விசாரித்து எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை ஒருவரும் போடக்கூடாது. "போன வரியம் எத்தினை பெடியளை அடக்கினனான். சேமக்காலை நிரம்புது. தொட்டிலும் வெறுமையாப் போனால் நான் ஆருக்குப் பூசை வைக்கிறது?" அந்த இடத்தில் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது.

பூசை முடிய பரமேஸ் மிஸ்ஸி வாசலில் நின்றா. சைவக்காரி, உள்ளே வரவில்லை. சுவாமியை வழிமறித்துவிட்டா.

"சுவாமி, ஏற்பு வந்தால் பிள்ளை தப்பாது. நான் கண்ணாலை கண்டிருக்கிறன்."

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை மிஸ்ஸி. பொறுக்கச் சொன்னனான்."

"உங்கடை சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். பொறுக்கச் சொல்லாதேங்கோ. வயித்திலை கிடக்கிற பிள்ளை பொறுக்காது."

சுவாமிக்கு முகம் சிவந்தது. எனக்கு மிஸ்ஸியின் மேல்தான் கோபம். சுவாமியோடு இப்படியா கதைப்பது, அதுவும் சனத்துக்கு முன்னால்? மாதா சபைக் கூட்டத்தில் கீழ்ப்படிதல் பற்றிக் கால்மணித்தியாலம் கதைத்தேன். நன்றாகத்தான் கதைத்தேன்.

றீற்றா: "அப்ப செவ்வாய்க்கிழமை?" நான்: "போகத் தேவையில்லை."

பெப். 19, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. ஒரே புழுக்கம். மண்ணெண்ணெய் இல்லை, ஜாம்போத்தல் விளக்கையும் ஏற்றாமல் இருட்டுக்கு முன் சாப்பாடு.

மிஸ்ஸி விடுகிறமாதிரி இல்லை. வீடுவீடாகப் போகிறா. வயிற்றுக்காரிகள் கோழிக்கூட்டுக்குள்ளும் கிணற்றடியிலும் ஒளிகிறார்கள். இன்று இரண்டு பேர் கையை நீட்டப் பார்த்தார்களாம், மாமிமார் வந்து இழுத்துக்கொண்டு போனார்களாம். இப்படி ஒவ்வொருத்தியாக இளகினால் சுவாமியின் சொல்லுக்கு என்ன மதிப்பு?

ஒரு வேடிக்கை. கரையில் பிரிட்ஜ் என்று இருப்பது சுவாமி இருக்கும் அறைவீட்டில் மட்டும். மண்ணெண்ணெயில் ஓடுவது. சுவாமியின் சலரோக மருந்து, இன்சுலின், அதற்குள்தான். மிஸ்ஸியின் ஊசிமருந்தும் அதற்குள்தான், மண்ணெண்ணெய் ஆஸ்பத்திரி தருகிறது. எடுத்துக்கொண்டு போகச் சொல்வாரென்று நினைத்தேன். சொல்லவில்லை. "பழுதாப்போனால் பாவம் ரீச்சர்" என்றார். போடவேண்டாம் என்ற மருந்தைக் குளிராக வைத்துக் காக்கிறார். நல்ல மனுஷன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, உயிர்த்த ஞாயிறு, பாஸ்கு, வரைக்கும். எல்லாரும் எதையாவது விடுவோம், மீன், வெற்றிலை, தேத்தண்ணி. பெண்கள் இந்த ஊசியை விட்டால்? சுவாமியின் சொல்லை மறந்தாலும் மாதாவுக்கு வைத்த நேர்த்தியை எங்கள் கரையில் ஒருத்தியும் மீறமாட்டாள். மிஸ்ஸி வந்து கேட்டாலும் மறுமொழி கைவசம் இருக்கும்.

பெப். 24, விபூதிப் புதன்

சாம்பல் பூசிய நெற்றிகளோடு பெண்கள் மாதா சுரூபத்துக்கு முன் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் பாதத்தைத் தொட்டு நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்: "மாதாவே, பாஸ்கு வரைக்கும் உந்த ஊசி என்ரை உடம்பிலை படவிடமாட்டன். என்ரை வீட்டைக் காத்துக்கொள்ளும்." முப்பது பேருக்குக் குறையாது. சுவாமி தூண் பக்கமாக நின்று பார்த்தார்.  பெருமைப்பட்டார் என்று நினைத்தேன்.

றீற்றா தன் பாட்டில் ஒரு வரி சேர்த்தாள்: "என்ரை மனுசனைக் கடலிலை காத்துக்கொள்ளும்." நேவிக்குப் பயந்து பயந்துதான் மரியதாஸ் தொழிலுக்குப் போகிறான். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

இவ்வளவு ஒழுங்காக எங்கள் சபை எதையும் செய்ததில்லை. மனம் நிறைந்த நாள்.

மார்ச் 3, புதன்

பள்ளிக்கூடத்துக்கு மேலால் பொம்மர். பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் அடைத்துப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லவைத்தேன். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் குண்டு விழுந்தது, தூரத்தில்.

சந்தையில் மிஸ்ஸியைக் கண்டேன். காணாதமாதிரிப் போகப் பார்த்தேன், கையைப் பிடித்துவிட்டா.

"ரீச்சர், உங்கடை தங்கச்சிக்கு ஒண்டு போட்டாச்சு. மற்றது ஒரு நிமிச வேலை. அது இல்லாட்டி முதலாவதாலை பெரிசாப் பிரயோசனமில்லை."

"நேர்த்தி வைச்சிருக்கு மிஸ்ஸி."

"அதுவும் நீங்கள்தானாமே சொல்லிக்குடுத்தது."

சவர்க்காரம் கிடைக்கவில்லை.

மார்ச் 7, ஞாயிறு

பதில் வந்துவிட்டது.

பிரசங்கத்துக்குப் பதிலாகச் சுவாமி அதைச் சொன்னார். ஊசியில் குற்றம் கண்டவர் எவரும் இல்லை. கேட்ட டொக்டர்மாரும் அப்படி ஒன்றும் கலக்கவில்லை என்கிறார்கள். திருச்சபை தடுக்கவுமில்லை, கட்டாயப்படுத்தவுமில்லை. அவரவர் மனச்சாட்சிப்படி செய்யலாம். நேர்த்தி வைத்தவர்களைத் தான் விடுவிப்பதாகவும் சொன்னார், அதற்குத் தனக்கு அதிகாரம் உண்டாம். குரலில் பலம் இல்லை. முடித்ததும் உடனே விசுவாசப்பிரமாணத்தைத் தொடங்கிவிட்டார்.

கோயில் வளவில்:

"அண்டைக்கு வேண்டாமெண்டார். இண்டைக்குப் போடலாமெண்டுறார்."

"ஆரோ வெருட்டிப்போட்டாங்கள். பாவம் சுவாமி."

"நேர்த்தி மாதாவுக்கெல்லோ வைச்சது? சுவாமி என்னெண்டு அவிழ்க்கிறது?"

நான் நடுவில் போய் நின்று விளக்கினேன். குருவானவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, அவர் விட்டால் விட்டதுதான், இது சட்டம். கேட்டுக்கொண்டே நின்றார்கள். பிறகு பக்கத்து வீட்டு மதலேனாக்கா கேட்டா, "அப்ப ரீச்சர், எங்களை மாதாவின்ரை காலைத் தொடப் பண்ணினது என்னத்துக்கு?"

செபப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பதினைந்து வருடம் சபைத் தலைவி.

மார்ச் 8, திங்கள்

மிஸ்ஸி பெட்டியோடு மண்டபத்தில் காலை முழுக்கக் காத்திருந்தா. வந்தது ஒரே ஒருத்தி, ஸ்ரெல்லா. அவளுக்கும் ஏழாம் மாதம். "சுவாமி விட்டிட்டார் எண்டால் விட்டிட்டார்தானே" என்று கையைக் காட்டினாளாம். மற்றவர்கள் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

நானும் போகவில்லை. எனக்குப் போடுகிற வயது கடந்துவிட்டது. இன்றுதான் அதை யோசித்தேன். நேர்த்தி சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த நேர்த்தியால் ஒரு நட்டமுமில்லை. இந்தத் தவக்காலத்துக்கு நான் விட்டது சீனி. சீனி எப்படியும் கடையில் இல்லை.

மார்ச் 11, வியாழன்

ஸ்ரெல்லாவின் புருஷனுக்குக் கடலில் நேவியின் துவக்குச் சூடு. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. உயிர் இருக்கிறது.

செய்தி காலையில் வந்தது. மத்தியானத்துக்குள் கரை முழுக்கத் தீர்ப்பு முடிந்துவிட்டது. "எந்தக் கையிலை ஊசி போட்டவள்?" "வலது கை." "பாத்தியே!" உண்மையில் இடது கை. மிஸ்ஸி எப்போதும் இடது கையில்தான் போடுவா. அதைச் சொல்லப் போனேன். சொல்லி என்ன, கேட்க ஆள் வேண்டுமே.

ஸ்ரெல்லா வீட்டு வாசலில் ஒருத்தியும் இல்லை. ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "ரீச்சர், அது என்னாலையோ?" என்றாள். இல்லை என்றேன். மெல்லத்தான் சொன்னேன். அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்ற பயம் எனக்கு. இப்படி ஒரு பயம் எனக்கு இருக்கிறது என்று இன்றுதான் தெரியும்.

மார்ச் 12, வெள்ளி

சிலுவைப் பாதை. வெயில். றீற்றாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, வரவில்லை.

பின்னேரம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கும் மிஸ்ஸி வாறாவாம். போடவோ, விடவோ?"

போடு என்றிருக்கலாம். ஒரு சொல். சொன்னால் செய்வாள், பிறந்ததிலிருந்து அப்படித்தான். நான் சுளகைப் பார்த்தேன். மரியதாஸ் நாளைக்கும் கடலுக்குப் போகிறவன். அவனுக்கு ஏதும் நடந்தால், போடச் சொன்னது அக்கா என்று ஆகிவிடும். வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, எட்டு மாதத்து வயிறு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

"உன்ரை மனச்சாட்சி சொல்லுறபடி செய் பிள்ளை."

சுவாமியின் சொல்லை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். றீற்றா வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"எனக்கெண்டு தனிய ஒரு மனச்சாட்சி இருக்கோ அக்கா? எல்லாம் நீங்கள் சொல்லித் தந்ததுதானே."

அரிசியில் நிறையக் கல். புடைத்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 13, சனி

மிஸ்ஸி வந்தா. றீற்றா போடவில்லை. "பாஸ்கு முடியட்டும் மிஸ்ஸி" என்று படுக்கையில் இருந்தபடியே சொன்னாள். மிஸ்ஸி என்னைப் பார்த்தா. நான் தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

மரியதாஸ் பத்திரமாகக் கரைக்கு வந்தான். மீன்: திரளி கொஞ்சம், நண்டு இரண்டு. ஒரு நண்டு எனக்கு.

மார்ச் 22, திங்கள்

காய்ச்சல், எனக்கு. பள்ளிக்கூடம் இல்லை. ஒன்றும் எழுத மனமில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் எண்ணுகிறேன், செபிக்கவில்லை.

மார்ச் 29, திங்கள்

ஆண்பிள்ளை!

விடியற்காலை வயிற்றுக்குத்துத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மரியதாஸ் கார் தேடி நல்லூர் வரைக்கும் ஓடினான். வானத்தில் ஹெலி சுற்றிக்கொண்டே நின்றது, ஒருத்தரும் காரை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மிஸ்ஸிக்கு ஆள் அனுப்பினோம், அரியாலைப் பக்கம் ஷெல், வர வழியில்லை. மதலேனாக்காதான் பிள்ளையை எடுத்தா. ஏழெட்டுப் பிள்ளை எடுத்த கை. கொடி வெட்டப் புது பிளேட் தேடினோம், கடைகளில் எத்தனை மாதமாக பிளேட் இல்லை. மரியதாஸின் வலைக் கத்தியைச் சுடுதண்ணீரில் கழுவி வெட்டினா. தொப்புளுக்கு எண்ணெயும் கரியும், எல்லாருக்கும் வைக்கிறதுபோல.

நல்ல நிறை. தலைமயிர் அடர்த்தி. மரியதாஸின் மூக்கு, பாவம் பிள்ளை. றீற்றா சிரித்துக்கொண்டே அழுதாள். "எல்லாம் மாதா காப்பாத்திப்போட்டா அக்கா, இவரையும் பிள்ளையையும்." நானும் நம்பினேன். முழங்காலில் விழுந்து மனதார நன்றி சொன்னேன். மூன்று கிழமையாக நெஞ்சில் கிடந்த பாரம் போய்விட்டது.

மார்ச் 31, புதன்

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். சத்தமான பிள்ளை.

மிஸ்ஸி வந்து பார்த்தா. "என்னத்தாலை வெட்டினது?" மதலேனாக்கா கத்தியைக் காட்டினா. மிஸ்ஸி கரியைத் துடைத்துத் தொப்புளுக்கு மருந்து வைத்தா. போகும்போது என்னைப் படலையடிக்குக் கூப்பிட்டு, "பால் குடியாட்டி ஒரு மணித்தியாலமும் பாராதேங்கோ, கொண்டோடுங்கோ" என்று மட்டும் சொன்னா.

ஏப்ரல் 4, குருத்தோலை ஞாயிறு

பவனிக்குப் போகவில்லை. காலையிலிருந்து பிள்ளை முலையைப் பிடிக்கிறான், உறிஞ்சவில்லை. வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அழுகிற முகம், சத்தம் வரவில்லை. றீற்றா பாலைப் பீச்சி உதட்டில் விடுகிறாள், வழிந்து போகிறது. "நித்திரை மயக்கம் அக்கா, பின்னேரம் குடிப்பான்."

இல்லை. நான் தெரிந்துகொண்டேன். மரியதாஸ் சைக்கிளை மிதிக்க, றீற்றா பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வேறொரு சைக்கிளில். குருத்தோலையோடு சனம் எதிரில் வந்தது. வழிவிட்டார்கள். பாட்டை நிறுத்தவில்லை.

ஏப். 5, திங்கள். ஆஸ்பத்திரி

ஏற்பு.

இருட்டு அறை. சத்தம் கூடாது, வெளிச்சம் கூடாது, தொடக்கூடாது. தொட்டால் வலிப்பு வருகிறது. றீற்றா கட்டிலுக்குக் கீழே நிலத்தில் இருக்கிறாள், பிள்ளையைத் தூக்க விடவில்லை. அவளுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் காய்ச்சல். டொக்டர் இளம் பெடியன், முகத்தில் நித்திரை இல்லை. "அம்மாவுக்கு ஊசி முழுக்கப் போட்டதோ?" என்றார்.

"ஒண்டு போட்டது" என்றாள் றீற்றா.

"மற்றது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். "நாங்கள் நேர்த்தி வைச்சிருந்தனாங்கள் டொக்டர்" என்றாள். டொக்டர் எழுதிக்கொண்டார்.

பின்னேரம் நேர்ஸ் மெல்ல வந்து, வேதக்காரர் என்றால் செய்யவேண்டியதைச் செய்யுங்கோ என்றா. சுவாமிக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. தண்ணீர்க் கோப்பையை எடுத்தேன். பேர்? றீற்றா ஒரு பேரும் சொல்லவில்லை. எங்கள் அப்பாவின் பேரை வைத்தேன், சந்தியோகு. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. தண்ணீர் நெற்றியில் பட்டதும் அந்தச் சின்ன உடம்பு வில்லாக வளைந்தது, தலையும் குதிக்காலும் மட்டும் மெத்தையில் பட்டன. நான் செய்தது. ஞானஸ்நானத்தில்கூட அவனுக்கு நோவைத்தான் கொடுத்தேன்.

ஏப். 6, செவ்வாய்

விடிவதற்கு முன்னமே போய்விட்டான்.

கடதாசிப்பெட்டி ஒன்று கிடைத்தது. மரியதாஸ் சைக்கிளில் கட்டினான், பிறகு அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான்.

ஏப். 8, பெரிய வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை.

வீடு முழுக்கப் பெண்கள். அழுகிறார்கள், பாய் விரிக்கிறார்கள், கஞ்சி கொண்டுவருகிறார்கள். ஒருத்தியாவது என்னைத் திட்டுவாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இல்லை. "நேர்த்தியை உடைக்கேல்லை, அதுக்கு மாதா கைவிடமாட்டா ரீச்சர். பிள்ளை நேரே மோட்சம்." ஸ்ரெல்லா புருஷனின் கை ஊசி போட்டதற்குத் தண்டனை. எங்கள் பிள்ளை ஊசி போடாததற்கு மோட்சம். இவர்களுக்கு எல்லாம் சரிவந்துவிடுகிறது. எனக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை. தலையாட்டினேன்.

சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம். சொன்னேன், எல்லாம்.

"நீங்கள் நல்ல மனதோடை செய்தனீங்கள் ரீச்சர். மனச்சாட்சி சுத்தமெண்டால் அது பாவமில்லை."

"அப்ப ஆரின்ரை பாவம் சுவாமி?"

கூட்டுக்குள் அவர் நாற்காலியை நகர்த்துவது கேட்டது.

"நான் பொறுக்கச் சொன்னனான்" என்றார். பிறகு, "ஒவ்வொரு நாளும் எனக்கு நானே ஊசி போடுறன் ரீச்சர். அண்டைக்கும் போட்டிட்டுத்தான் பிரசங்கத்துக்கு ஏறினனான்."

அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கிடைத்த அபராதம் மூன்று அருள்நிறைந்த மந்திரம். பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலை செய்யாத பிள்ளைக்கு நான் அதைவிடக் கூடக் கொடுப்பேன். சுத்தமான மனச்சாட்சியாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? குற்றம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

ஏப். 11, பாஸ்கு

பூசைக்குப் போனேன். வாய் பாடியது.

சபைத் தலைவி வேலையை விடுகிறேன் என்று சுவாமியிடம் சொன்னேன். அவசரப்படாமல் யோசியுங்கோ என்றார். பொறுக்கச் சொல்கிறார்.

ஏப். 12, திங்கள்

நல்ல வெயில். பள்ளிக்கூடம் விடுமுறை.

மிஸ்ஸி மண்டபத்தில் பெட்டியைத் திறக்க முதலே வரிசை நின்றது. ஆரும் கூப்பிடவில்லை, நானும் ஒழுங்குபண்ணவில்லை. நேற்றுக் கட்டிய பாஸ்குச் சீலையோடு எல்லாரும். பாஸ்கு வந்துவிட்டது, நேர்த்தி முடிந்துவிட்டது, இனிப் போடலாம். பயம் எங்கே போனது, கர்ப்பப்பையைப் பூட்டுகிற கதை எங்கே போனது? மிஸ்ஸி தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு கையாகத் துடைத்துத் துடைத்துப் போட்டா. பகிடி ஒன்றும் விடவில்லை. நான் சுவரோர வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால்தான் வந்தேன்.

வரிசையின் கடைசியில் றீற்றா. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலை வாரவில்லை, சட்டையில் பால் நனைந்திருந்தது. மரியதாஸ் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேறுபக்கம் பார்த்தபடி.

"உனக்கு இப்ப அவசரமில்லை பிள்ளை. போய்ப் படு" என்றா மிஸ்ஸி.

"என்ரை ரெண்டாவது" என்று றீற்றா சட்டைக் கையை உயர்த்தினாள்.

மிஸ்ஸி இடது கையைத் துடைத்தா. போட்டா. பஞ்சை வைத்து அழுத்தினா. றீற்றா அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள், பஞ்சை எடுத்துவிட்டு இன்னொருக்காப் பார்த்தாள். பிறகு திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்க, என்னைக் கேட்டாள்.

"உது இவ்வளவுதானே அக்கா?"

ஓம் என்றேன்.